தோல்வி காணாத லெவர்குசன்

பாயர் லெவர்குசன், மருந்துத் தொழிற்சாலை ஊழியர்களுக்காக 1904இல் தொடங்கப்பட்ட ஜெர்மானியக் காற்பந்துக் குழு. அதன்மீது எனக்கு நெடுநாளாகவே இரக்கம் உண்டு. 2002இல் லீக், ஜெர்மானியக் கிண்ணம், ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணம் ஆகிய மூன்றிலும் அதற்கு இரண்டாம் இடமே கிட்டியது. எதையும் வெல்லாத குழு என்று பலரும் கேலி செய்தனர்.

2022 அக்டோபரில் ஸாபி அலோன்சோ பயிற்றுநராகப் பொறுப்பேற்றபோது, 18 குழுக்களில் அது 17ஆம் இடத்தில் இருந்தது. அடுத்த பருவத்திலோ 34 லீக் ஆட்டங்களில் 28 வெற்றி, 6 சமநிலை, தோல்வியே இல்லை! 2024 ஏப்ரல் 14ஆம் நாள் வெர்டர் பிரேமனை 5-0 என வென்று, முதன்முறையாக லீக் வெற்றியாளரானது. பாயர்ன் மியூனிக்கின் பதினோர் ஆண்டு ஆதிக்கம் அத்துடன் முடிந்தது.

ஆயினும், என்னைக் கவர்ந்தவை அந்த எண்கள் அல்ல. ரோமாவுக்கு எதிரான ஐரோப்பிய அரையிறுதியில் 0-2 எனப் பின்தங்கியபோதும் அவர்கள் தளரவில்லை. 97ஆம் நிமிடத்தில் கோல் புகுத்தி ஆட்டத்தைச் சமன்செய்தனர். எனக்கு அந்த 5-0 வெற்றியைவிட இந்தச் சமநிலையே பெரிது.

மே 22ஆம் நாள் இறுதியாட்டத்தில் அட்டலாண்டாவிடம் 0-3 எனத் தோற்றனர். மூன்றே நாளில் மீண்டும் திடலில் இறங்கினர். இடைவேளைக்கு முன்பே ஓர் ஆட்டக்காரர் வெளியேற்றப்பட்டார். எஞ்சிய பத்துப் பேருடன் ஆடி, கைசர்ஸ்லாட்டர்ன் குழுவை 1-0 என வென்று ஜெர்மானியக் கிண்ணத்தையும் ஏந்தினர்.