கடம்பூருக்கு மேலே, மணி 0442

விமானம் எந்த இடத்தை எப்போது கடந்தது என்று விமானி வானொலியில் சொல்வதே நிலை அறிவிப்பு. ரேடார் எட்டாத இடங்களில் கட்டுப்பாட்டு அதிகாரி இந்தச் சொல்லை நம்பித்தான் விமானங்களுக்கிடையே இடைவெளி வைக்கிறார். அழைப்புப் பெயர், இடம், நேரம், உயரம், அடுத்த இடம், அங்கே சேரும் நேரம்: இந்த வரிசை மாறுவதில்லை.

கோவில்பட்டியிலிருந்து தெற்கே போகும் சிறு விமானத்துக்குக் கரிசல் காட்டில் அடையாளம் கிடைப்பது லேசல்ல. பருத்தியும் உளுந்தும் மேலிருந்து பார்த்தால் ஒரே விரிப்பு. கோடையில் கண்மாய் வற்றிவிட்டால், வரைபடத்தில் இருக்கும் நீலம் தரையில் இருக்காது. நம்பத்தக்கது ரயில் பாதைதான். அதன்மேல் கடம்பூர் நிலையம். அடுத்து, தூத்துக்குடிப் பாதை பிரியும் மணியாச்சி.

கோவில்பட்டியை 10.05க்குக் கடந்த விமானம் கடம்பூருக்கு மேல் 10.12க்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்கு 7 நிமிடம். அந்த வேகத்தில் இன்னும் 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மணியாச்சிக்கு 5 நிமிடம் ஆகும். வானொலியில் உலகப் பொது நேரமே செல்லும் என்பதால் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துவிட்டு, கடம்பூர் 0442, மணியாச்சி 0447 என்று சொல்ல வேண்டும். கடிகாரத்தைப் பார்க்க ஒரு நிமிடம் பிந்தினால் விமானம் 3 கிலோமீட்டர் போயிருக்கும். ஊர் கண்ணுக்குத் தெரிந்ததுமே ‘கடம்பூருக்கு மேலே’ என்று முந்திக்கொள்வதும் அதே அளவு பிழைதான்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்றில்தான் கயத்தாறு காற்றாலைகள் சுழல்கின்றன. 20 நாட் வேகத்தில் அது பக்கவாட்டில் அடிக்க, விமானி மூக்கை மேற்கே திருப்பாமல் நேரே பிடித்தால், கடம்பூரை எட்டுவதற்குள் 4 கிலோமீட்டர் கிழக்கே ஒதுங்கிவிடுவார். அப்போது ‘கடம்பூருக்குக் கிழக்கே 2 கடல் மைல்’ என்பதே நேர்மையான அறிவிப்பு.

ஊர்ப்பெயர் மட்டும் போதாது. சத்தியமங்கலம் மலையிலும் ஒரு கடம்பூர் உண்டு. தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்துக்கு வடமேற்கே சுமார் 20 கடல் மைல் என்று சேர்த்துச் சொன்னால் வெளியூர் அதிகாரிக்கும் விளங்கும்.

சொன்ன மதிப்பீடு இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் பிசகும் என்று தெரிந்தால், மணியாச்சி வரட்டும் என்று காத்திராமல் உடனே புதிய நேரத்தைச் சொல்லிவிட வேண்டும். முன்பு சொன்ன 0447ஐ வைத்துத்தான் எதிரே வரும் விமானத்துக்கு உயரம் ஒதுக்கப்பட்டிருக்கும்.