உடலுக்கும் உரிமை உண்டு

சென்ற பெருநாளுக்குத் தைத்த சட்டை இவ்வாண்டு பிள்ளைக்குக் குட்டையாகிவிடுவதை நாம் காண்கிறோம். ஆறு வயதுக்குப் பின் பிள்ளைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 செ.மீ. உயர்கின்றனர். பாற்பற்கள் இருபதும் ஒவ்வொன்றாய் விழுந்து, பன்னிரண்டு வயதளவில் நிலைப்பற்கள் அவ்விடத்தைப் பெறுகின்றன. பெண்மக்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்மக்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றங்கள் தொடங்குவது இயல்பு.

ஆரணியை அடுத்த பட்டுத்தறி ஊர்களில், தார் சுற்றும் வேலைக்கு நெடுங்காலமாகப் பிள்ளைகளும் கைகொடுத்து வந்தனர். 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் 14 வயது நிரம்பாதோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்தது. பள்ளி நேரம் போக, ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் உதவுவதற்கு மட்டும் விலக்களித்தது. வீட்டுத் தறியருகே பிள்ளைக்குப் பெற்றோரின் மனச்சான்றும் காவலாக வேண்டும். கூனிய முதுகும் மங்கிய ஒளியில் இழை தேடும் கண்ணும் வளரும் உடலுக்குச் சுமையல்லவா?

மற்றொரு சுமை நம் மௌனம். ஏழு வயதில் தொழுகையை ஏவவும், பத்து வயதில் படுக்கையைப் பிரிக்கவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மாற்றம் முற்றுமுன்பே ஆயத்தம் செய்யும் வழி இது. பாலிகானதும் தொழுகையும் நோன்பும் கடமையாகின்றன. மாதவிடாய், கடமையான குளிப்பு ஆகியவற்றை நம் மார்க்கச் சட்ட நூல்கள் தயக்கமின்றி விளக்குகின்றன. அவற்றை எட்டு, ஒன்பது வயதிலிருந்தே மகளுக்குத் தாயும் மகனுக்குத் தந்தையும் பக்குவமாய்ச் சொல்வதில் நாணம் எதற்கு? சொல்லாது விட்டால், முதன்முதல் குருதி கண்ட சிறுமி கொடிய நோயென்றே அஞ்சி நடுங்குவாள்.

உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது நபிவழி. பிள்ளையின் உடல் கேட்பவை உணவு, உறக்கம், விளையாட்டு, அறிவு. இவற்றை மறுக்க நமக்கு உரிமை இல்லை.