எண்மமாக்கிக்கு முன்னே
பன்னாட்டு விண்வெளி நிலையம் 145.8 மெகாஹெர்ட்ஸில் பள்ளி மாணவர்களுடன் பேசும். ஒரு கடப்புக்குப் பத்து நிமிடங்களே. புணேயில் எங்கள் விடுதி மொட்டைமாடியிலோ, அரை மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஒலித்த வலிய அலைபரப்பி ஒன்று அக்குரலை விழுங்கிவந்தது. மென்பொருள் வடிகட்டியை இறுக்கிப் பயனில்லை. ஆர்டிஎல்-எஸ்டிஆர் கருவியின் எண்மமாக்கி 8 பிட், 256 படிகள்தாம். வலிய குறிகை அவற்றை நிரப்பிவிட்டால் மெலிந்த குரலுக்கு இடமேது?

ஆகவே எண்மமாக்கிக்கு முன்னுள்ள ட்யூனர் வடிகட்டியின் பட்டையகலத்தைச் சுமார் 350 கிலோஹெர்ட்ஸுக்குக் குறுக்கி, பெருக்கத்தை உயர்த்தினோம். டாப்ளர் பெயர்ச்சி ஏறத்தாழ 3.5 கிலோஹெர்ட்ஸே என்பதால் குரல் தப்பவில்லை. (எஃப்.எம். நிலையத் தொல்லைக்கு இது மருந்தன்று. அது முன்பெருக்கியையே திணறடிப்பது. அதற்குத் தனி வடிகட்டி வேண்டும்.)

அன்று விண்வெளி வீரரின் விடைகள் தெளிவாகக் கேட்டன. தொலைவிலிருந்த பள்ளியின் கேள்விகள் எங்களை எட்டவில்லை. அவற்றை இளங்கலை மாணவர்கள் ஊகித்துக் குறித்துக்கொண்டிருந்தனர்.