வேகமா, நிம்மதியா? - பின் அச்சு கியர் கணக்கு

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் உட்வர்ட் அவென்யூ என்று ஒரு பெரிய சாலை இருக்கிறது. 1960களில் அந்த ஊர் இளைஞர்கள் மாலை நேரங்களில் கார்களை எடுத்துக் கொண்டு அங்கேதான் வருவார்கள். சிவப்பு விளக்கில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விழுந்ததும் யார் முதலில் பாய்கிறார்கள் என்பதுதான் போட்டி. அடுத்த விளக்கு வந்தால் போட்டி முடிந்தது!

அந்தக் காலத்துக் கார் ஒன்றை ஆசையாக வைத்திருக்கும் ஒருவரைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். பின் அச்சில் 4.10 கியர். உட்வர்டில் அவர்தான் ராஜா. மறுநாள் காலை மனைவி, குழந்தையுடன் ஐ-94 நெடுஞ்சாலையில் சிகாகோவுக்குப் புறப்படுகிறார். சுமார் 450 கிலோமீட்டர். அரை மணி நேரத்தில் காருக்குள் பேச்சு நின்று விடுகிறது. சண்டை எதுவும் இல்லை. எஞ்சின் போடுகிற சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழவில்லை. குழந்தை தூங்காமல் அழுகிறது. ஊர் திரும்பியதும் மனைவி ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறார்: "இனிமேல் இந்த வண்டியில் நான் வரமாட்டேன்."

வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. பின் அச்சுக்குள் இருக்கும் இரண்டு பற்சக்கரங்கள்தான் காரணம்.

எஞ்சினிலிருந்து கியர் பாக்ஸ் வழியாக வரும் சுழற்சியை புரொப்பெல்லர் ஷாஃப்ட் பின் அச்சுக்குக் கொண்டு வருகிறது. அங்கே பினியன் என்ற சிறிய பற்சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுற்ற வைக்கிறது. கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் இருந்தால் 41-ஐ 10-ஆல் வகுத்து 4.10 என்கிறார்கள். அதாவது ஷாஃப்ட் 4.1 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். 37 பல்லுக்கு 12 பல் என்றால் 3.08. எண் பெரிதானால் இழுவை அதிகம், எண் சிறிதானால் எஞ்சினுக்கு அலைச்சல் குறைவு. இரண்டும் ஒரே சமயத்தில் கிடைக்காது என்பதுதான் சிக்கல்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். டயரின் விட்டம் 26 அங்குலம் என்றால் அதன் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 885 முறை சுற்றும். கியர் பாக்ஸின் கடைசி கியர் நேர் கியராக (1:1) இருந்தால், 4.10 அச்சில் எஞ்சின் சுமார் 3630 சுற்று சுற்ற வேண்டும். 3.08 அச்சில் சுமார் 2725 போதும். சிகாகோ போய்ச் சேர்வதற்குள் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 2 லட்சம் சுற்றுகளைத் தாண்டி விடும். ஒவ்வொரு சுற்றும் சத்தம், அதிர்வு, உராய்வு. பெட்ரோலின் ஒரு பகுதி வண்டியை நகர்த்தாமல் எஞ்சினின் உள் உராய்வுக்கே போய் விடுகிறது.

அப்படியானால் இருப்பதிலேயே சிறிய எண்ணாகப் பார்த்து மாட்டி விடலாமே என்று தோன்றும். அதையும் அமெரிக்கர்கள் செய்து பார்த்து விட்டார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1974-ல் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று சட்டம் வந்தது. (இந்தச் சட்டம் 1995-ல் நீக்கப்பட்டது.) பெட்ரோலை மிச்சப்படுத்த கார் கம்பெனிகள் 2.73, 2.56 என்று எண்ணைக் குறைத்துக் கொண்டே போயின. நெடுஞ்சாலையில் அமைதி கிடைத்தது. ஆனால் விளக்கில் நின்று புறப்படுவதற்குள் பின்னால் நிற்பவருக்குப் பொறுமை போய் விடும்! மேடு வந்தால் எஞ்சின் திணறும், கீழ் கியருக்கு இறங்கும், மறுபடி ஏறும். சுற்று குறைந்தால் மட்டும் சுகம் வந்து விடாது. எஞ்சினுக்கு மூச்சு முட்டாத அளவு சுற்றும் வேண்டும். பெரிய வி8 எஞ்சின்களுக்கு நெடுஞ்சாலையில் 2000 முதல் 2500 சுற்று வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

நம் கார்க்காரருக்கு இப்போது என்ன வழி? அவரிடம் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ராமாட்டிக் 350 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக் என்று வைத்துக் கொள்வோம். அதன் முதல் கியர் 2.52. அச்சின் 4.10-ஆல் பெருக்கினால் 10.33. அவரை உட்வர்டில் ராஜா ஆக்கியது இந்த எண்தான்.

முதல் வழி, அச்சில் 3.08 மாட்டுவது. செலவு குறைவு. ஆனால் 10.33 என்பது 7.76 ஆகி விடும். புறப்படும் இழுவையில் கால் பங்கு போய் விட்டது. ராஜா சாதாரணக் குடிமகன் ஆகி விடுவார்.

இரண்டாவது வழி, கியர் பாக்ஸையே மாற்றுவது. இதே கம்பெனி 1982 மாடல் கார்களில் 700ஆர்4 என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கைக் கொண்டு வந்தது. அதன் முதல் கியர் 3.06. நான்காவது கியர் 0.70, அதாவது ஓவர்டிரைவ். எஞ்சின் 70 முறை சுற்றினால் ஷாஃப்ட் 100 முறை சுற்றும். இத்துடன் அச்சில் 3.55 போட்டால் புறப்படும் இழுவை 10.86, முன்பை விட அதிகம்! 110 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் சுற்று சுமார் 2200 மட்டுமே. இழந்ததாக நினைத்த இரண்டும் கைக்கு வந்து விட்டன.

சும்மா வரவில்லை. பாக்ஸுக்குப் பணம், பொருத்துவதற்குப் பணம், ஷாஃப்ட்டின் நீளத்தையும் மாற்ற வேண்டி வரலாம். முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு 3.06-லிருந்து 1.63-க்கு ஒரே தாவல் என்பதால் நடுவில் ஒரு தொய்வு தெரியும். சில அச்சுகளில் ஒரு குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டினால் கிரவுன் வீலைத் தாங்கும் டிஃபரன்ஷியல் கூட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பலர் மறந்து விடும் இன்னொரு விஷயம் ஸ்பீடோமீட்டர். இந்தப் பழைய கார்களில் அது கியர் பாக்ஸின் பின்பகுதியிலிருந்து கணக்கெடுக்கிறது. அச்சில் 4.10-ஐ 3.55 ஆக்கி விட்டு இதைச் சரி செய்யாமல் விட்டால், உண்மையில் 110-ல் போகும்போது முள் 95-ல் நிற்கும். மெதுவாகத்தான் போகிறோம் என்று நினைத்துக் கொண்டே ஆபத்தில் போய் மாட்டிக் கொள்ளலாம். இதற்கென்றே இருக்கும் சிறிய பற்சக்கரத்தை மாற்றினால் தீர்ந்தது.

எனவே கியர் வாங்கும் முன் செய்ய வேண்டியது இதுதான். டயரை அளந்து கொள்ள வேண்டும். வழக்கமாகப் போகும் வேகத்தை எழுதிக் கொள்ள வேண்டும். எஞ்சின் எத்தனை சுற்றில் இதமாக ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு பின்னாலிருந்து கணக்குப் போட்டால் விகிதம் தானாக வந்து விடும்.

ஆனால் இந்தக் கணக்கில் கஷ்டமான பகுதி பெருக்கலும் வகுத்தலும் அல்ல, உண்மை சொல்வதுதான். வாணிபவியல் படிப்பவர்களுக்கு வாய்ப்புச் செலவு என்ற சொல் தெரிந்திருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்ட மற்றொன்றுதான் அதன் உண்மையான விலை. விளக்குக்கு விளக்கு பாய்வது மாதத்தில் சில நிமிடங்கள். நெடுஞ்சாலையில் கழிவது பல மணி நேரம். 4.10-ஐ வைத்திருப்பவர் அந்தச் சில நிமிடங்களுக்காகப் பக்கத்து இருக்கையைக் காலியாக வைத்துக் கொண்டு ஓட்டுகிறார். அது அவருக்குச் சம்மதம் என்றால் தவறில்லை. தெரிந்து கொடுக்கிற விலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரியான விகிதம் எது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனையும் உண்டு. ஊர் எல்லை தாண்டி அரை மணி நேரத்தில் பின் சீட்டுக் குழந்தை தூங்கி விட்டதா என்று பாருங்கள். தூங்கி விட்டால் கியர் சரி!