ஷெஃபீல்டு போன கதையும் நம்ம ரெண்டு பையன்களும்

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையா படிங்க.

2025 ஏப்ரல்ல நாங்க கணவன் மனைவி ரெண்டு பேரும் இங்கிலாந்து போயிட்டு வந்தது உங்கள்ல பல பேருக்குத் தெரியும். அன்னதான வரிசையில நிறைய பேரு, "அண்ணே, லண்டன்ல என்னென்ன பாத்தீங்க?"ன்னு கேட்டீங்க. லண்டன் பக்கமே நாங்க போகல. மான்செஸ்டர்ல இறங்கி, அங்கிருந்து ரயில் ஏறி ஷெஃபீல்டுன்னு ஒரு ஊருக்குப் போனோம். உலக ஸ்னூக்கர் போட்டி பாக்கறதுக்கு. இதைச் சொன்னதும் சில பேரு முகம் மாறுச்சு. "கோயில் வேலை செய்றவங்க ஸ்னூக்கர் பாக்கவா அவ்வளவு தூரம் போனீங்க?"ன்னு ஒரு அக்கா நேராவே கேட்டுட்டாங்க. அவங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

மூணு வருஷம் ஓவர்டைம் காசு சேர்த்துப் போன பயணம் இது. குரூசிபிள்னு ஒரு நாடக அரங்கம். 1977லிருந்து உலகப் போட்டி அங்கதான் நடக்குது. டிவியில பாத்து ரொம்பப் பெரிய இடம்னு நினைச்சிருந்தோம். உள்ள போனா சுமார் 980 நாற்காலிதான். முன் வரிசையில உக்காந்தா ஆட்டக்காரர் குச்சியில சாக் தேய்க்கிற சத்தம்கூட கேக்குது. மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம். நடுவுல தடுப்பு வச்சு பக்கத்துல இன்னொரு மேசை. அரையிறுதியிலிருந்துதான் ஒரே மேசை ஆகும். டிக்கெட் வாங்கும்போது யாரு ஆடுவாங்கன்னே தெரியாது. எங்க அதிர்ஷ்டம், ரெண்டாவது சுற்றுல சீனாவோட ட்சாவ் ஷின்தொங் ஆட்டம் கிடைச்சது.

எங்களை ரொம்பத் தொட்டது அந்த அமைதி. ஆயிரம் பேரு கிட்ட இருக்காங்க, ஒரு கைப்பேசி சத்தம் இல்ல. நடுவர் வெள்ளைக் கையுறை போட்டு நிக்கிறாரு, ஒரு பார்வை பாத்தாப் போதும். எங்க வீட்டுக்காரம்மா காதோரம் வந்து, "நம்ம கோயில்ல அபிஷேகம் நடக்கும்போது இப்படி இருந்தா எப்படி இருக்கும்!"னு சொன்னாங்க. நியாயமான கேள்விதான், யாரும் கோவிச்சுக்காதீங்க.

ஒருத்தர் ஆடும்போது இன்னொருத்தர் நாற்காலியில சும்மா உக்காந்திருக்கணும். தண்ணி குடிக்கலாம், துண்டால கை துடைக்கலாம், அவ்வளவுதான். எதிராளி விடாம அடிச்சுக்கிட்டே இருந்தா அரை மணி நேரம்கூட அப்படியே இருக்கணும். நம்ம முறை வந்ததும் பதற்றம் இல்லாம எழுந்து போகணும். நம்ம வீட்டுப் பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்கு இந்தப் பொறுமை இருக்கு?

இன்னொண்ணு. பந்து மேல தெரியாம கையோ சட்டையோ பட்டுட்டா, நடுவர் பாக்கலன்னாலும் ஆட்டக்காரரே சொல்லிடறது இந்த ஆட்டத்தோட மரபு. ஃபேக்டரியில லைன் பாத்துக்கிறவங்களுக்கு இதோட அருமை நல்லாவே தெரியும். "இந்தப் பீஸ்ல தப்பு நடந்துடுச்சு"ன்னு உடனே சொல்ற ஒரு தொழிலாளி, பின்னாடி வர்ற ஐநூறு பீஸைக் காப்பாத்துறான். மறைக்கிறவனாலதான் எல்லாரும் ராத்திரி முழுக்க உக்காந்து பிரிச்சுப் பாக்க வேண்டியிருக்கு.

ஒரு தகவல்: இந்த ஆட்டம் 1875ல ஜபல்பூர்ல இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிங்ககிட்ட ஆரம்பிச்சதுன்னு சொல்றாங்க. விதிகளை எழுதி வச்சது 1880கள்ல, நம்ம நீலகிரியில இருக்கிற ஊட்டி கிளப்புல. ஆக, நமக்கு ஒட்டே இல்லாத விளையாட்டுன்னு சொல்லிட முடியாது.

இப்ப விஷயத்துக்கு வரோம். நாங்க பாத்த ட்சாவ் ஷின்தொங் அந்தச் சுற்றுல 13-10ன்னு ஜெயிச்சாரு. அவரு கதை என்ன தெரியுமா? 2023ல சூதாட்ட மோசடி விசாரணையில பத்து சீன ஆட்டக்காரங்களுக்குத் தண்டனை கொடுத்தாங்க. ரெண்டு பேருக்கு வாழ்நாள் தடை. ட்சாவ் தன் ஆட்டத்தை விட்டுக் கொடுக்கல. ஆனா இன்னொருத்தர் செஞ்ச மோசடியில உடந்தையா இருந்ததையும் பந்தயம் கட்டினதையும் ஒத்துக்கிட்டாரு. அவருக்கு 20 மாசத் தடை. எல்லாருக்கும் ஒரே தண்டனை இல்ல, செஞ்சதுக்கு ஏத்த அளவு.

தடை முடிஞ்சதும் அவருக்கு யாரும் சலுகை காட்டல. தொழில்முறை ஆட்டக்காரர் தகுதி போயிருந்ததால அமெச்சூராவே வந்து, தகுதிச் சுற்றுல நாலு ஆட்டம் ஜெயிச்சுத்தான் குரூசிபிளுக்குள்ள நுழைஞ்சாரு. அரையிறுதியில ஏழு முறை உலகச் சாம்பியன் ரோனி ஓ'சல்லிவனை 17-7ன்னு ஜெயிச்சாரு.

இறுதி ஆட்டத்துக்குள்ள நாங்க வீடு திரும்பியாச்சு. அங்க சாயங்காலம் ஏழு மணின்னா நமக்கு விடியக்காலை ரெண்டு. மறுநாள் காலை ஷிப்டு இருந்தும் ரெண்டு பேரும் தூங்கல. எதிர்ல மார்க் வில்லியம்ஸ், வயசு 50. நம்ம வயசுக்காரருன்னு எங்க வீட்டுக்காரம்மா அவரு பக்கம். 8-17ன்னு பின்தங்கி இருந்தவரு வரிசையா நாலு ஃபிரேம் எடுத்தாரு! கடைசியில ட்சாவ் 18-12ன்னு ஜெயிச்சு, ஆசியாவிலிருந்து வந்த முதல் உலகச் சாம்பியன் ஆனாரு.

இதையெல்லாம் இப்ப ஏன் சொல்றோம்னா, அடுத்த மாசத் திருவிழாவுக்கு இளைஞர் குழுப் பட்டியல் போடப் போறோம். ரெண்டு பையன்களைச் சேர்க்கக் கூடாதுன்னு பேச்சு வந்திருக்கு. ஒருத்தன் செஞ்ச குத்தம், வேலை முடிஞ்சு ஸ்னூக்கர் சென்டருக்குப் போறது. இன்னொருத்தன் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சேரக் கூடாதவங்களோட சேர்ந்து காவல் நிலையம் வரைக்கும் போய் வந்தவன். இப்ப ஒழுங்கா வேலைக்குப் போறான். ஆறு மாசமா வெள்ளிக்கிழமை தவறாம வந்து பாத்திரம் கழுவுறான்.

பெத்தவங்க பயம் எங்களுக்குப் புரியுது. சில சென்டர்ல சிகரெட், பந்தயம், கும்பல் எல்லாம் இருக்கறது உண்மை. எந்த இடம், யாரோட போறான், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரான்னு கேளுங்க, கேக்கணும். ஆனா குச்சியைத் தொட்டாலே ரவுடின்னு முத்திரை குத்தாதீங்க.

ரெண்டாவது பையனுக்குச் சாவிக்கொத்தும் உண்டியல் பொறுப்பும் கொடுங்கன்னு நாங்க கேக்கல. தண்ணீர்ப் பந்தல் வேலை கொடுப்போம். ட்சாவ் தகுதிச் சுற்றுலிருந்து வந்த மாதிரி இவனும் கீழேயிருந்து வரட்டும். வாசலையே அடைச்சுட்டா, பழைய கூட்டம் இவனைக் கூப்பிட ரொம்ப நாள் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பூசை முடிஞ்சதும் கூட்டம். ஆதரவோ எதிர்ப்போ, வாட்ஸ்அப்புல பேசாம நேர்ல வந்து சொல்லுங்க. அந்தப் பையன்களும் அங்கதான் இருப்பாங்க.