கேட்கத் தெரிந்தவர்கள்

காய்ச்சல் கண்டவனை நோக்கி, "உனக்கு என்ன குறை, ஏன் காய்கிறாய்?" என்று எவரும் வினவுவதில்லை. உள்ளம் சோர்ந்தவனை நோக்கி மட்டும் வினவுகிறோம். நம் இளவலிடம் நாமும் அவ்வாறே கேட்டோம். அன்பான மனைவியும் மக்களும் இருக்க, மாதக்கணக்கில் சுவரை நோக்கிக் கிடந்தவனிடம் வேறு என்ன கேட்பதென்று நமக்குத் தெரியவில்லை.

பிறிதொரு காலம் நான்கு இரவுகள் உறங்காது திரிந்து, கடன் வாங்கி மூன்று கடைகளுக்கு முன்பணம் கொடுத்து வந்தான். அதன் பின்னரே மருத்துவர் இதனை இருமுனை மனநிலைக் கோளாறு என்றார்.

அந்நோயுற்றோர் திங்கள்தோறும் கூடிப் பேசும் இடமொன்றிற்கு அவனுடன் சென்றோம். அறிவுரைகள் பொழியப்படும் என எண்ணியிருந்தோம். ஆனால் முதியவர் ஒருவர் கேட்டது ஒன்றே: "தம்பி, தூக்கம் எப்படி?" உறக்கம் குறைந்தும் களைப்புத் தோன்றாதிருப்பது மனவெழுச்சியின் முன்னறிகுறி என்பதை அவர் பட்டறிந்திருந்தார். நம்மிடம் வாய் திறவாதவன் அவரிடம் அரைமணி நேரம் பேசினான்.

"நலமாகிவிட்டேன், லித்தியத்தை நிறுத்திவிட்டேன்" என்றார் ஓர் இளைஞர். எவரும் கடிந்துகொள்ளவில்லை. "நானும் அப்படித்தான் நிறுத்தினேன். மூன்றாம் மாதம் மருத்துவமனையில் கிடந்தேன்" என்றார் ஓர் அம்மையார். இளைஞர் தலைகுனிந்தார். இந்நோய்க்கு லித்தியம் பயன்படுவதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் வெளியிட்டார். இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் நஞ்சு. "நோன்பு வருகிறதே?" என்று ஒருவர் கேட்க, "உடலில் நீர் குறைந்தால் மருந்தின் அளவு ஏறும், முன்னதாகவே மருத்துவரைக் கேளுங்கள்" என்று விடை வந்தது. தெரிந்ததைச் சொன்னார்கள், அதற்கு மேற்பட்டதை மருத்துவரிடம் விட்டார்கள்.

934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, துயரத்தைக் காரணம் தெரிந்தது, தெரியாதது என இரண்டாகப் பகுத்தார். காரணம் தெரியாத துயரின் வேரை உடலில் தேடினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் அறிந்து எழுதியதை அறியாமல், நாம் நம் தம்பியிடம் காரணம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

திரும்பும் வழியில் அவன் சொன்னான்: "காக்கா, அங்கே யாரும் எனக்கு என்ன குறை என்று கேட்கவில்லை."

நம்மிடம் மறுமொழி இல்லை. அன்று முதல் காலைதோறும் அவனிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: "இராத்திரி தூங்கினாயா?"