ஆதிச்சநல்லூர் அம்புகள்

முத்துக்குப் பேர்போன தூத்துக்குடிக் கரையினின்று மேற்கே சென்றால், ஸ்ரீவைகுண்டத்தருகே தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு தோன்றும். பார்வைக்கு வெறும் சரளைமேடுதான். அதன் வயிற்றிலோ முதுமக்கள் தாழிகள். வாள், ஈட்டி, அம்புமுனை!

சென்ற மாதம் மாணாக்கரை அழைத்துச் சென்று, அம்புமுனையின் படத்தைக் காட்டினேன். “கழி எங்கே, ஐயா?” என்றான் ஒரு சிறுவன். நல்ல கேள்வி. மூங்கிலாயினும் மரமாயினும் கழி மண்ணோடு மக்கிவிடும்; முனையை இறுக்கிய நரம்பும் நாரும் அவ்வாறே. கொல்லன் உலையில் காய்ச்சித் தட்டிய இரும்பே துருவேறி எஞ்சும். வேட்டைக்காரன் கைவேலை போயிற்று; கொல்லன் கைவேலை நின்றது.

1876-இல் இங்கே தோண்டிய ஜாகோர் என்ற ஜெர்மானியர், கண்டெடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பின்னர் அலெக்ஸாண்டர் ரீ அகழ்ந்தவை சென்னை சேர்ந்தன.

“தூத்துக்குடியிலிருந்து பெர்லினுக்குக் கப்பல் உண்டா, ஐயா?” என்றான் அதே சிறுவன்.

பெர்லின் துறைமுகமன்று என்று பூகோளம் சொல்லி நழுவினேன்.